நம் நகருக்குப் புதிய கால்பந்து அணி: நம்பிக்கையா, வெறும் ஆசையா?



இராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரையுள்ள நம் இளைஞர்களிடம் கால்பந்து பற்றிப் பேச்செடுத்தால், அது பெரும்பாலும் ஓரிடத்தில்தான் சென்று நிற்கிறது. சென்னைக்கு இன்னுமொரு தொழில்முறை அணி வர வேண்டும். அது வடசென்னையின் பெயரைத் தாங்கிய அணியாக இருக்க வேண்டும். எவரேனும் ஒரு பெருமுதலாளி மனம் வைத்தால் ஒரே ஆண்டில் எல்லாம் நடந்துவிடும். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சட்டையின் நிறம் வரை முடிவு செய்துவிடுகிறார்கள். அணி எங்கே விளையாடும் என்று கேட்டால்தான் சற்று அமைதி நிலவுகிறது.

இந்த உற்சாகத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. பந்து விளையாட்டு வீண் வேலை என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் பெரியவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. பெருநாள் தினத்தன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்துச் சலிக்கும் வரை உடன் நின்றார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. விளையாட்டின் மீது மார்க்கம் விதித்திருப்பது வரம்புகளையே. ஆகவே கேள்வி, அணி வருவது நல்லதா என்பதன்று. நம்மிடம் இருப்பது எந்த வகை நம்பிக்கை என்பதுதான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் அச்சத்தையும் ஆதரவையும் பேசும் பகுதியில் ஓர் உழவரை உவமையாக்குகிறார்கள். நல்ல நிலத்தைத் தேர்ந்து, பழுதற்ற விதையை விதைத்து, நீர் பாய்ச்சி, களையெடுத்து, அதன்பின் விளைச்சலுக்காக அல்லாஹ்வின் அருளை எதிர்பார்ப்பவனிடம் இருப்பது ரஜா, அதாவது உண்மையான நம்பிக்கை. நல்ல நிலத்தில் விதைத்துவிட்டு, நீர் பாயாத இடத்தில் மழையை மட்டும் எதிர்பார்த்து இருப்பவனிடம் உள்ளது வெறும் ஆசை. நீர் எட்டாத உவர் நிலத்தில் விதையை வீசிவிட்டு, கவனிக்காமலே அறுவடைக்குக் காத்திருப்பவனோ தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். அத்திப்பட்டு உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு உவர் நிலம் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றில் சென்னைக் கால்பந்து ரசிகர்கள் எதில் இருந்தார்கள் என்பதைக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் வரலாறே சொல்லும்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கவிருந்தபோது முதலில் அறிவிக்கப்பட்ட எட்டு நகரங்களில் சென்னை இல்லை. பெங்களூரு இருந்தது. அங்கே அணியை நடத்தவிருந்த நிறுவனம் விலகிக்கொள்ள, அந்த இடம் சென்னைக்கு வந்தது. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்களாயினர். ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற பெயரோடு, போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் ஓர் அணி பிறந்தது. நம் நகரம் கேட்டுப் போராடிப் பெற்ற அணியன்று அது. மற்றொரு ஊர் விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது. ஆயினும் மகிழ்ச்சி குறையவில்லை. நேரு விளையாட்டரங்கின் இருக்கைகள் நீல நிறமாயின. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று ரசிகர் குழாம்கள் தாமே உருவாயின. திருவொற்றியூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி நடந்தே போனவர்கள் நம்மிடையே பலர்.

அந்த மகிழ்ச்சி பொய்யுமன்று. 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தா அணியை 3–0 என வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில், கடைசி நிமிடங்களில் பின்தங்கியிருந்து 3–2 எனக் கோப்பையை வென்றது சென்னை. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு அது ஓர் ஆறுதல். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த அரங்கிலேயே வென்று இரண்டாம் கோப்பை. அந்த ஆண்டின் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் அடித்தவர்களுள் ஒருவர் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். அந்த ஒரு கோலைப் பற்றி நம் பகுதியில் எத்தனை நாள் பேசினார்கள்!

இதற்கிடையே மற்றொரு அணி வந்ததை நினைவுகூர்பவர்கள் குறைவு. 2016-இன் இறுதியில் ‘சென்னை சிட்டி’ ஐ-லீக்கில் இடம்பெற்றது. ஒரு பருவம் இங்கே விளையாடிவிட்டு, பெயரில் மட்டும் சென்னையைச் சுமந்துகொண்டு கோவைக்குச் சென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அவர்களின் பயிற்சியில், 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் வென்று, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தையே கைப்பற்றியது. இந்தியாவின் சாம்பியன்! ஆனால் சூப்பர் லீக்கின் கதவு அன்று வெற்றிக்குத் திறக்கவில்லை. அது கட்டணம் செலுத்தி இடம்பெற்றவர்களின் வட்டமாக இருந்தது. இரண்டு பருவங்கள் கழித்து ஐ-லீக்கிலேயே அந்த அணி இல்லை. பட்டம் வென்ற அணி மறைந்தபோது, ஊரில் அதன் நினைவாக ஒரு பயிற்சி மைதானம்கூட எஞ்சவில்லை.

பின்னர் 2025. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிவடையவிருந்தது. அதைப் புதுப்பிப்பது குறித்த தெளிவு இல்லாததால், ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. வேறு சில அணிகளும் சம்பளத்தை நிறுத்திவைத்தன. இரண்டு கோப்பைகள் வென்ற அணி, தன் கையில் இல்லாத ஓர் ஒப்பந்தத்தின் காலாவதித் தேதியால் முடங்கியது. பருவம் பல மாதங்கள் தள்ளிப்போனது. ரசிகர்களுக்கு அது மன வருத்தம். விளையாட்டு வீரருக்கும், உடலியக்க மருத்துவருக்கும், சட்டைகளைத் துவைக்கும் ஊழியருக்கும் அது அடுப்பெரியும் கேள்வி.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை நாம் கட்டடத் தொழிலாளியோடும் வீட்டுப் பணிப்பெண்ணோடும் மட்டுமே பொருத்திப் பார்க்கிறோம். பந்து விளையாடுபவரும் கூலியாள்தான். அவருடைய உழைக்கும் காலம் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளே. அதில் ஒரு பருவம் வீணானால் மீளாது. அல்மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. புதிய அணி வருகிறது என்றதும் நட்சத்திர வீரர் யார் என்று கேட்கிறோம். சம்பளத்துக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளை அதே அணியில் சேரும் நாளில் முதலில் கேட்கப்போவது அதைத்தானே?

காட்டுப்பள்ளி மக்களுக்கு இந்தக் கதையின் அமைப்பு பழகியதுதான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே கால்வாயும் கழிமுகமும். இடையில் கிடக்கும் இந்த நிலத்துக்குப் புதிதாக வந்த ஒவ்வொன்றும் நம்பிக்கையோடுதான் வரவேற்கப்பட்டது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சென்னைக்கு. அடுத்து கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. 2018-இல் துறைமுகம் கைமாறியது. வேலை வரும், ஊர் வளரும் என்றார்கள். வேலை வந்தது உண்மை. ஆனால் நிலத்தையும் கடற்கரையையும் விட்டுக்கொடுத்த மீனவர்கள், கிடைத்த ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கக் கோரிப் போராட வேண்டியிருந்ததும் உண்மை. துறைமுகம் கூடாது என்று வாதிட நாம் இதைச் சொல்லவில்லை. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் உணவு அங்கிருந்துதான் வருகிறது. வெளியிலிருந்து ஒன்று வரும்போது அது ஊருக்கு எதை விட்டுச்செல்லும் என்பதை முன்னதாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள், பிறகு சாலையோரம் நின்று கேட்க வேண்டியிருக்கும் என்பதையே சொல்கிறோம். கால்பந்து அணியும் வெளியிலிருந்து வருகிற ஒன்றுதான்.

அப்படியானால் நல்ல நிலம் என்பது எது? அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம்.

வியாசர்பாடி முல்லை நகரில் ஒரு மைதானம் இருக்கிறது. பெரு நிறுவனம் எதுவும் கட்டிக்கொடுத்ததன்று. பகுதியின் பிள்ளைகள் தீய வழிகளில் போய்விடக் கூடாதென்று அங்குள்ளவர்களே பயிற்சியைத் தொடங்கி, ஆண்டுக்கணக்காக மாலைதோறும் நடத்திவருகிறார்கள். எந்த லீக் நின்றாலும் அங்கே பந்து உருள்வது நிற்பதில்லை. சென்னைக்கு அணி வந்த காரணத்தால் வியாசர்பாடியில் வீரர்கள் தோன்றவில்லை. வீரர்கள் இருந்தார்கள், அணி பின்னால் வந்தது.

கேரளத்தின் மலப்புறம் இன்னும் தெளிவான சான்று. ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டம் அங்கே அறுவடை முடிந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. 2022-இல் சந்தோஷ் கோப்பை அந்த மாவட்டத்தில் நடந்தபோது ரமலான் மாதம். நோன்பு துறந்து, இரவில் பையநாடு அரங்கை நிரப்பினார்கள். மே 2 இரவு, மறுநாள் பெருநாள் என்ற நிலையில், கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வென்றது. நோன்பாளிகள் நிறைந்த அந்த அரங்கைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும், விளையாட்டுக்கும் வணக்கத்துக்கும் பகை என்ற பேச்சு செயற்கையாகவே தோன்றும். 2024-இல் சூப்பர் லீக் கேரளா என்ற மாநிலத் தொழில்முறைப் போட்டி தொடங்கி, மலப்புறத்துக்கும் ஓர் அணி கிடைத்தபோது அவ்வூர் ரசிகர்கள் நம்மைப் போலவே துள்ளினார்கள். அவர்களுடையது ரஜா. வயல் இருந்தது, விதை இருந்தது; மழையை எதிர்பார்த்தார்கள்.

‘அவர்களிடம் முஸ்லிம்கள் அதிகம், நமக்கென்றும் ஓர் அணி வேண்டும்’ என்று இங்கே சிலர் பேசத் தொடங்குவதையும் கேட்கிறோம். உடனே கொல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த வரலாறு பெருமைக்குரியதே. 1891-இல் தோன்றிய அக்கழகம், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கொல்கத்தா லீக்கை வென்றது. அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுவே. 1940-இல் டூரண்ட் கோப்பையையும் வென்றது. ஆனால் வரலாற்றை முழுவதும் சொல்ல வேண்டும். ஐ-லீக்கை வென்று 2024-இல் சூப்பர் லீக்கில் நுழைந்த அதே கழகம், முதல் பருவத்திலேயே சம்பள நிலுவையில் சிக்கியது. பயிற்சியாளர் பாதியில் விலகினார். பட்டியலில் கடைசி இடம். சமூகத்தின் பெயரைச் சூடிக்கொண்டதாலேயே ஓர் அணிக்குப் பரக்கத் வந்துவிடாது. கூலி நேரத்துக்குக் கொடுக்கப்படாத இடத்தில் அந்தப் பெயர் கூடுதல் பாரம்.

அன்றியும், வடசென்னையின் அணி என்றால் அதில் காசிமேட்டு மீனவர் பிள்ளையும், வியாசர்பாடிப் பிள்ளையும், மண்ணடிப் பிள்ளையும், பழவேற்காட்டுப் பிள்ளையும் ஒன்றாக ஓட வேண்டும். வேறு வகையில் அதைக் கற்பனை செய்யவே நமக்கு விருப்பமில்லை. 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் சாஹிப், பல மொழி, பல சமயத்தாரைக் கொண்ட அணியைத்தான் கட்டினார். அவர் ஆசிரியராகவும் இருந்தவர் என்பது தற்செயல் அன்று என்றே எண்ணுகிறோம்.

ரசிகர்களாக நம் பக்கமும் சில கணக்குகள் இருக்கின்றன.

தொழுகை முதலாவது. சூப்பர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு. அதற்குள் மஃரிபை முடித்துவிடலாம். நேரு அரங்கத்துக்குப் பக்கத்திலேயே பெரியமேடு பள்ளிவாசல் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. சிக்கல் மாலை ஐந்து மணி ஆட்டங்களில்தான். டிசம்பரில் இடைவேளை விசிலும் மஃரிப் பாங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். வெளியே சென்றால் மீண்டும் உள்ளே விடமாட்டார்கள். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் வீரர் வெஸ்லி ஃபொஃபானா நோன்பு துறப்பதற்காக ஆட்டமே சில நொடிகள் நிறுத்தப்பட்டது. எதிரணிக் கோல்காப்பாளரும் ஒத்துழைத்தார். ஆடுபவருக்கே அங்கே இடம் தந்தார்கள் என்றால், பார்ப்பவர்கள் தொழ அரங்குக்குள் ஒரு மூலையும் நான்கு பாயும் கேட்பது பெரிய கோரிக்கை ஆகாது. இதுவரை கேட்டோமா என்பதுதான் தெரியவில்லை.

அடுத்தது சூது. கால்பந்தை ரசிப்பதாகச் சொல்லிக்கொண்டு கைப்பேசியில் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டியவர்கள் நம் மஹல்லாக்களிலும் இருந்தார்கள். திறமை விளையாட்டு என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. சட்டம் வந்த பிறகு விட்டவர்கள் சட்டத்துக்காக விட்டார்கள்; தடை நீங்கினால் என்ன செய்வார்கள் என்பதை அவரவர் உள்ளம் அறியும்.

வசைப் பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேரள அணியோடு ஆடும் நாளில் எதிர்ப்புறத்தில் மஞ்சள் சட்டையோடு அமர்ந்திருப்பவரின் தாயை இழுத்துப் பேசிவிட்டு, அதே வாயால் ஸலாம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இனி, நிலத்துக்கு வருவோம். நம் பகுதியில் பிள்ளைகள் விளையாடும் இடங்களை எண்ணிப் பாருங்கள். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அனல்மின் நிலையத்தின் சாம்பல் படிந்த திடல்களில் ஓடினால் மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஓட்டம் மட்டுமன்று. காலி இடம் என்று நேற்று ஆடிய இடத்தில் இன்று வேலி இருக்கிறது. ஒரு மைதானம், இரண்டு கம்பங்கள், மாலையில் வெளிச்சம், வாரத்தில் நான்கு நாள் வரும் தகுதியுள்ள ஒரு பயிற்சியாளர்: விதைப்பு என்பது இவ்வளவுதான். இதற்குக் கோடிக்கணக்கான ரூபாய் உரிமக் கட்டணம் தேவையில்லை. மஹல்லா நிர்வாகங்கள் மீலாது மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் திரட்டும் தொகையில் ஒரு பகுதி போதும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அந்தத் தொகையும் முழுவதும் நம் பையிலிருந்து வர வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதற்கான பணிகளின் பட்டியலில் ஊரக விளையாட்டுப் பயிற்சியும் பெயர் குறிப்பிட்டே இடம்பெற்றுள்ளது. எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை அத்தகைய நிறுவனங்களுக்குப் பஞ்சமா? பஞ்சம், கேட்பவர்களுக்குத்தான். ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. விளையாட்டுத் திடலுக்கான நிலத்தைச் சர்வே எண்ணோடு குறிப்பிட்டு, அதை எவரும் வேலியிடாதபடி பதிவு செய்யக் கோரும் தீர்மானத்தை அங்கே எவரும் முன்வைக்கலாம். அணியின் சட்டை நிறத்தை முடிவு செய்த தம்பிகள் முதலில் அந்த எண்ணைத் தேடி எடுக்கட்டும். காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் உள்ள தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த கிராம சபையின் முன்வரிசையில் போய் அமரட்டும்.